உறவுகளில் பணிவு: இரும்பைத் தலக்கதையும் நற்செய்திக் காட்சிகளும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த இரும்பையில் கடுவெளிச் சித்தரைப் பற்றிய கதையொன்று வழங்குகிறது. கோயில் விழாவில் ஆடல் மகளின் காலிலிருந்து கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்கிறார். கண்டவர் நகைக்கின்றனர். சித்தர் வெகுண்டு பாட, கருவறை இலிங்கம் பிளவுறுகிறது. இக்கதையை யோவான் நற்செய்தியின் பாதம் கழுவும் காட்சியோடும், லூக்கா நற்செய்தியில் பரிசேயர் வீட்டில் நிகழும் காட்சியோடும் ஒப்பிட்டு, உறவில் பணிவு என்பதைக் கிறித்தவம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பணிவு என்பது தாழ்பவர், ஏற்பவர், காண்பவர் ஆகிய மூவரிடையே நிகழும் செயல் என்றும், அவற்றுள் எள்ளும் காண்பவரிடம் காட்ட வேண்டிய பணிவே அரிது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பணிவு, தாழ்மை, இரும்பை மாகாளம், கடுவெளிச் சித்தர், பாதம் கழுவுதல், கிறித்தவத் தமிழ், ஒப்பாய்வு.

முன்னுரை

தமிழ் அறநூல்கள் பணிவைப் பெரும்பாலும் ஒருவரின் பண்பாகப் பேசுகின்றன. திருக்குறள் அதனை அடக்கமுடைமை, பெருமை முதலிய அதிகாரங்களில் வைத்து ஓதுகிறது. பணிவு எல்லார்க்கும் நன்று. அவருள்ளும் செல்வர்க்கு அது மற்றுமொரு செல்வம் போன்றது என்பது 125ஆம் குறளின் கருத்து. பெருமை எந்நாளும் பணிந்தொழுகும், சிறுமையோ தன்னைத்தானே வியந்து அணிசெய்துகொள்ளும் என்பது 978ஆம் குறளின் கருத்து. இவ்விரு குறள்களிலும் பணிவு உடையவர் யார் என்பது தெளிவாகிறது. அப்பணிவு எவரை நோக்கியது, அதனைப் பெற்றவர் என்ன ஆனார், கண்டவர் என்ன கருதினார் என்னும் வினாக்களைக் குறள் எழுப்புவதில்லை. தனிமனிதப் பண்பை வரையறுப்பதே அங்கு நோக்கமாதலின் அது குறையாகாது.

கிறித்தவ மறைநூல் பணிவைப் பெரிதும் நிகழ்ச்சிகளின் வழியே பேசுகிறது. அந்நிகழ்ச்சிகளில் பிறர் எப்போதும் உடனிருக்கின்றனர். இவ்வேறுபாட்டிலிருந்து இக்கட்டுரையின் ஆய்வு வினா தோன்றுகிறது: பணிவு ஒருவரின் உள்ளத்தில் உறையும் பண்பா, உறவுகளுக்கிடையே நிகழும் செயலா? அது செயலாயின், அச்செயல் எந்த இடத்தில் நிறைவுறுகிறது?

இவ்வினாவை ஆராய்வதற்கு இரும்பைத் தலக்கதை ஏற்ற களமாக அமைகிறது. பெரியவர் ஒருவர், தாழ்வாக மதிக்கப்பட்ட ஒருவரின் காலருகே பலர் காணக் குனிவதே அக்கதையின் உயிர்நிலை. நற்செய்தியின் காட்சிகளும் அதே அமைப்பை உடையன. சித்தரின் காலமும் வரலாற்றுத் தன்மையும் இங்கு ஆய்வுப்பொருள் ஆகா. மக்களிடையே வழங்கும் கதையும், கடுவெளிச் சித்தர் பெயரால் வழங்கும் பாடலும், மறைநூல் பகுதிகளும் பனுவல்களாகவே கொள்ளப்படுகின்றன.

1. இரும்பை: இடமும் கதையும்

இரும்பை புதுச்சேரிக்கு வடமேற்கே, கடலுக்கு அண்மையில் உள்ள சிற்றூர். இதற்கு வடக்கே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலையும், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் காண்பது ஆய்வாளரிடையே வழக்கம். நெய்தல் நிலத்தின் உவர்ப்பும், மழை பொய்த்தால் வறளும் செம்மண் மேடும் அருகருகே அமைந்த பகுதி இது. வறட்சியும் மழையும் கதையின் இயக்கமாக அமைவதற்கு இந்நிலமே பின்புலமாகிறது.

இவ்வூர்ச் சிவன் கோயில் இரும்பை மாகாளம் எனப்படும். உஞ்சை மாகாளம், அம்பர் மாகாளம் ஆகியவற்றோடு சேர்த்து மூன்று மாகாளங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32. அவற்றுள் ஒன்றான இத்தலத்திற்குத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் இரண்டாம் திருமுறையில் உள்ளது.

கதை பல வடிவங்களில் வழங்கினும் அதன் நடுப்பகுதி ஒன்றே. கடுவெளிச் சித்தர் மரத்தடியில் கடுந்தவம் இயற்றுகிறார். தவத்தின் வெம்மையால் மழை பொய்த்து நாடு வறள்கிறது. தவத்தைக் கலைக்க வழி தேடும் மன்னன், கோயில் ஆடல் மகள் ஒருத்தியை அனுப்புகிறான். மரத்திலிருந்து உதிரும் இலையையே சித்தர் உணவாகக் கொள்வதைக் கண்ட அவள், இலைக்கு மாற்றாக அவர் கையில் அப்பளத்தை வைக்கிறாள். நாள்தோறும் தொடர்ந்த இச்செயலால் சித்தர் கண் திறக்கிறார், மழை பொழிகிறது, இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாகின்றனர். பின்னர் கோயில் விழாவில் அவள் ஆடுகையில் காற்சிலம்பு கழன்று விழுகிறது. ஆடல் தடைபடலாகாது எனக் கருதிய சித்தர் அதனை எடுத்து அவள் காலில் அணிவிக்கிறார். கூடியிருந்தோர் எள்ளி நகைக்கின்றனர். வெகுண்ட சித்தர் பாட, கருவறை இலிங்கம் மூன்றாகப் பிளவுறுகிறது. மன்னன் பிழை பொறுக்க வேண்ட, சித்தர் மீண்டும் பாடுகிறார், பிளவுற்றது ஒன்றுசேர்கிறது. செப்புத் தகட்டால் பிணிக்கப்பட்ட இலிங்கத்தையே இன்றும் வழிபடுவதாக மரபு கூறுகிறது.

ஊர் முழுவதும் வறண்டதற்கும் இச்சாபமே காரணம் என்னும் வடிவமும் உண்டு. 1968இல் அண்மையில் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரத்தாரிடையே வழங்கும் வடிவம், தொலைநாட்டினர் வந்து நிலத்தைப் பசுமையாக்கும்போது சாபம் நீங்கும் எனக் கதையை நீட்டிக்கிறது. எல்லா வடிவங்களிலும் உறவுக்கு நேர்ந்த இகழ்ச்சி, நிலத்துக்கும் வழிபாட்டுக்கும் நேர்ந்த பிளவாகவே உணரப்படுகிறது.

இக்கதையில் இரு செயல்கள் ஒன்றற்கொன்று எதிரொலியாக அமைந்துள்ளன. முதலாவது, அவள் அவர் கையில் வைத்த அப்பளம். இரண்டாவது, அவர் அவள் காலில் அணிவித்த சிலம்பு. முன்னது மரத்தடித் தனிமையில் நிகழ்ந்தது. பின்னது விழாக் கூட்டத்தின் நடுவே நிகழ்ந்தது. முன்னதை எவரும் இகழவில்லை. பின்னது இகழப்பட்டது. செயல்கள் இரண்டும் அன்பின் பணிகளே ஆதலின், இகழ்ச்சிக்குக் காரணத்தைச் செயலில் தேடுவதினும் செய்தவரின் நிலையிலும் செய்த இடத்திலும் தேடுவதே பொருந்தும். எளியவள் பெரியவர்க்குப் பணிசெய்வது உலக வழக்கு. பெரியவர் எளியவளின் காலைத் தொடுவது அவ்வழக்கைத் தலைகீழாக்குகிறது.

2. தாழ்தலும் தாழ்த்தலும்: சொல்வழி நோக்கு

புதிய ஏற்பாட்டில் பணிவைக் குறிக்கும் தபெய்னொப்ரொசூனே என்னும் கிரேக்கச் சொல், தாழ்ந்த நிலையைக் குறிக்கும் அடிச்சொல்லிலிருந்து பிறந்தது. கிரேக்க, உரோமைச் சூழலில் அவ்வடிச்சொல் இழிவையும் அடிமைத்தன்மையையும் சுட்டியது. அதனை நற்பண்பின் பெயராக்கியது தொடக்கக் கிறித்தவம். தமிழில் இச்சொல்லைச் சீர்திருத்தத் திருச்சபையினர் தாழ்மை, மனத்தாழ்மை எனவும், கத்தோலிக்கர் நெடுங்காலம் தாழ்ச்சி எனவும் வழங்கினர். அடக்கம், பணிவு என்னும் அறநூற் சொற்கள் இருக்கவும், தாழ் என்னும் அடியையே மொழிபெயர்ப்பாளர் பெரிதும் நாடியது கருதத்தக்கது. மூலச்சொல்லில் உள்ள கீழ்நிலைப் பொருளை அவ்வடியே நேராகத் தாங்குகிறது.

ஆயின் தாழ் என்னும் அடி தமிழ்ச் சமூகத்தில் வேறொரு சுமையையும் தாங்குகிறது. தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை, தாழ்த்தப்படுதல் செயப்பாட்டுவினை. தாழ்த்தப்பட்டோர் என்னும் வழக்கு, பிறரால் கீழே அழுத்தப்பட்ட வரலாற்றைச் சொல்லிலேயே பொறித்து வைத்துள்ளது. தாழ்தலும் தாழ்த்தப்படுதலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படலாம். குனிந்த முதுகு இரண்டிலும் ஒன்றே. இலக்கணம் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

பிலிப்பியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் கிறித்துவைப் பற்றிக் கூறும் பகுதி இங்கு நுண்ணிதின் நோக்கற்பாலது. கடவுள் வடிவில் விளங்கிய அவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் வடிவை ஏற்றுத் தம்மைத் தாழ்த்திக்கொண்டார் என்பது அப்பகுதியின் கருத்து. இத்தொடரில் வினை பிறவினை. ஆனால் எழுவாயே செயப்படுபொருளாகவும் நிற்கிறது. தாழ்த்தும் ஆற்றல் உடையவர் அதனைத் தம்மீதே செலுத்துகிறார். பிறரைத் தாழ்த்துவதற்கும் பிறரால் தாழ்த்தப்படுவதற்கும் இவ்வமைப்பில் இடமில்லை. அதே திருமுகம் இதனை நம்பிக்கையாளரின் உறவுகளுக்கு முன்மாதிரியாக வைத்து, ஒவ்வொருவரும் மற்றவரைத் தம்மினும் உயர்ந்தவராகக் கருத வேண்டும் என்கிறது. இது எல்லார்க்கும் ஒருங்கே விதிக்கப்பட்டதாதலின், ஒருசாரார் மட்டும் கீழே நிற்கும் நிலை அங்கே தோன்றாது.

பணி என்னும் அடியும் இவ்வாறே ஆழமுடையது. பணிதல் வணங்குதல், பணி தொண்டு, பணித்தல் கட்டளையிடுதல். வணங்குதலும் தொண்டும் கட்டளையும் ஒரே அடியில் கூடியிருப்பது, கீழே காணவிருக்கும் யோவான் நற்செய்திக் காட்சியை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகிறது. அங்கே குனிந்து தொண்டு செய்தவரே பின்னர் கட்டளை இடுகிறார்.

3. தமிழ் மரபில் உறவுப் பணிவின் எல்லை

உறவில் உயர்ந்தோர் பணிதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மனைவி உயர்ந்து நிற்றலும் கணவன் பணிதலும் புலவிக் காலத்திற்கு உரியன எனத் தொல்காப்பியம் பொருளியலில் விதிக்கிறது. இவ்விதியில் இரு கூறுகள் உள்ளன. கணவனின் பணிவு இலக்கணத்தால் ஏற்கப்படுகிறது; ஆயின் அது புலவி என்னும் காலத்துக்குள்ளும் அகம் என்னும் களத்துக்குள்ளும் அடங்குகிறது. ஊடல் தீர்ந்ததும் பழைய நிலை மீள்கிறது. புறத்தார் அதனைக் காண்பதில்லை.

இவ்வெல்லை மீறப்படும்போது நேர்வதைப் பெரியபுராணத்தின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணம் காட்டுகிறது. பரவையாரின் ஊடலைத் தணிக்கச் சுந்தரர் வேண்ட, இறைவனே திருவாரூர்த் தெருவில் இரவில் தூது நடக்கிறார். இதனைக் கேள்வியுற்ற கலிக்காமர், அடியவர் ஒருவர் ஆண்டவனைப் பெண்பொருட்டு ஏவுவதா எனக் கொதிக்கிறார். அவருக்குச் சூலை நோய் வருகிறது; சுந்தரரே அதனைத் தீர்க்கவல்லவர் என்று இறைவன் அறிவிக்கிறார். அவரால் நலம்பெறுவதினும் இறத்தல் நன்று என வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார் கலிக்காமர். அங்கு வந்த சுந்தரர் தாமும் உயிர்விடத் துணிய, இறையருளால் எழுந்த கலிக்காமர் அவரைத் தடுக்கிறார். இறுதியில் இருவரும் ஒருவரை ஒருவர் வணங்கி நண்பராகின்றனர்.

தாழ்ந்தவர் இறைவன், பயன்பெற்றோர் சுந்தரரும் பரவையாரும். எனினும் கதையின் பாதி, அத்தாழ்வைப் பொறுக்கமாட்டாத மூன்றாமவர் ஒருவரின் மனமாற்றத்திற்கே செலவிடப்படுகிறது. பணிவின் நிகழ்ச்சியில் காண்பவர்க்கும் கேட்பவர்க்கும் தனியிடம் உண்டு என்பதைச் சேக்கிழார் அறிந்திருந்தார் எனலாம். இரும்பைக் கதையில் நகைத்த கூட்டத்தார் நிற்பதும் கலிக்காமர் நின்ற இடத்திலேயே.

4. நற்செய்தியில் பாதம்: காட்சிகளின் ஒப்பீடு

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், இறுதி இராவுணவின்போது இயேசு எழுந்து, மேலுடையைக் கழற்றி, துண்டை இடையில் கட்டி, கலத்தில் நீர் வார்த்துச் சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். புழுதிபடிந்த பாதங்களைக் கழுவுதல் அக்காலத்தில் வீட்டின் கடைநிலை ஊழியருக்கு உரிய வேலை. எபிரேய அடிமையைக்கூட இவ்வேலைக்கு வற்புறுத்தலாகாது என்னும் கருத்து யூத விளக்க மரபில் உண்டு. மேலுடையைக் களைதலையும் மீண்டும் அணிதலையும் சுட்ட யோவான் ஆளும் கிரேக்க வினைகள், 10ஆம் அதிகாரத்தில் நல்ல ஆயர் தம் உயிரைக் கொடுத்தலையும் மீண்டும் பெறுதலையும் சுட்டும் வினைகளே. பாதம் கழுவுதலைச் சிலுவைச் சாவின் முன்னறிவிப்பாக ஆசிரியர் அமைத்திருப்பது இதனால் புலனாகிறது.

இக்காட்சிக்கு முந்திய 12ஆம் அதிகாரத்தில், பெத்தானியா ஊர் மரியா இயேசுவின் பாதங்களில் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தைப் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறாள். துடைத்தலைக் குறிக்கும் அதே வினை பாதம் கழுவும் காட்சியிலும் வருகிறது. அவள் தமக்குச் செய்ததை அடுத்த அதிகாரத்தில் இயேசு சீடர்களுக்குச் செய்கிறார். பணிவை அளித்தவர் முன்னரே அதனை ஒரு பெண்ணிடமிருந்து ஏற்றவர். இரும்பையில் சிலம்பை அணிவித்த சித்தரும் முன்னரே அப்பளத்தை ஏற்றவர். பெறுதலும் அளித்தலும் மாறிமாறி நிகழ்வதால் உறவில் நிலையான மேல், கீழ் என்னும் வேறுபாடு இளகுகிறது.

இரும்பை விழாவுக்கு இன்னும் நெருங்கிய காட்சி லூக்கா 7ஆம் அதிகாரத்தில் உள்ளது. சீமோன் என்னும் பரிசேயர் வீட்டு விருந்தில், ஊரால் பாவி என அறியப்பட்ட பெண்ணொருத்தி இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்து, தைலம் பூசுகிறாள். இவர் இறைவாக்கினராயின் தம்மைத் தொடுபவள் எத்தகையவள் என அறிந்திருப்பாரே எனச் சீமோன் உள்ளத்தில் எள்ளுகிறார். புனிதர் எனக் கருதப்பட்டவர், இகழப்பட்ட பெண், பாதம், கூட்டம், எள்ளல் என்னும் ஐந்து கூறுகளும் இரும்பையில் உள்ளவாறே இங்கும் உள்ளன. தொடுபவரும் தொடப்படுபவரும் மட்டுமே இடம் மாறுகின்றனர்.

5. மூவர்: தாழ்பவர், ஏற்பவர், காண்பவர்

மேற்கண்ட நிகழ்ச்சிகள் அனைத்திலும் மூன்று இடங்கள் புலப்படுகின்றன. முதலாவது தாழ்பவரின் இடம். பணிவு பற்றிய பேச்சு பெரும்பாலும் இவரோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது ஏற்பவரின் இடம். தம் பாதத்தைக் கழுவ வந்த ஆசிரியரைப் பேதுரு தடுக்கிறார். தோற்றத்தில் அது பணிவு. ஆசிரியர்க்குச் சீடர் காட்டும் மதிப்பு. இயேசு அதனை ஏற்பதில்லை. கழுவ இடந்தராவிடில் தம்மோடு பங்கில்லை என்கிறார். பிறரது பணிவை ஏற்க மறுப்பதும் ஒருவகைச் செருக்காகலாம் என்பது இதன் உட்பொருள். பேதுரு தாம் அமைத்த உயர்வு தாழ்வு வரிசை கலையாதிருக்க விரும்புகிறார். அவர் பெயரால் வழங்கும் முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், பணிவை ஆடையாக இடையில் கட்டிக்கொள்ளுமாறு கூறுகிறது. ஊழியர் துண்டைக் கட்டுவதைச் சுட்டும் அவ்வினை, ஒருகால் மறுத்தவரின் நினைவில் அத்துண்டு நிலைத்ததைக் காட்டுவதாக உரைகாரர் கொள்வர்.

இரும்பைக் கதையில் ஏற்பவரான ஆடல் மகளின் குரல் கேட்பதில்லை. மன்னனின் கருவியாக அனுப்பப்பட்ட அவள், சிலம்பு அணிவிக்கப்பட்டபோது என்ன உணர்ந்தாள், கூட்டம் நகைத்தபோது அந்நகைப்பு யார்மீது விழுந்தது என்பவற்றைக் கதை கூறவில்லை. நகைப்பு சித்தரைவிட அவளையே மிகுதியாகக் குறிவைத்தது எனக் கொள்ள இடமுண்டு. அவள் கால் தொடத் தகாதது என்னும் எண்ணமே அந்நகைப்பின் அடிப்படை. லூக்காவின் காட்சியிலும் பெண் பேசுவதில்லை. ஆயின் இயேசு அவள் பக்கம் திரும்பிநின்று, சீமோனிடம் அவளைப் பார்க்குமாறு கேட்கிறார். பேசாதவளின் செயல்கள் ஒவ்வொன்றாக எண்ணி உரைக்கப்படுகின்றன.

மூன்றாவது காண்பவரின் இடம். இவர் இல்லாதபோது பணிவு எளிது. மரத்தடி அப்பளத்தை எவரும் இகழவில்லை. இவர் வந்தபின் தாழ்பவர்க்குப் புதியதொரு சோதனை தோன்றுகிறது. அன்புடையவரிடம் தாழ்தல் ஒன்று; அத்தாழ்வை இகழ்பவரிடம் தாழ்தல் வேறொன்று.

6. காண்பவரிடம் பணிவு: சாபமும் பாடலும்

இரும்பைச் சித்தர் முதற்சோதனையில் வென்று இரண்டாவதில் தடுமாறுகிறார் எனக் கதையை வாசிக்கலாம். அவர் சினத்திற்கு நியாயம் உண்டு. இகழப்பட்டது அவரது தனிப்பெருமை மட்டுமன்று. ஆடல் மகளின் மதிப்பும் இறைவனுக்கு அளிக்கப்பட்ட ஆடலின் தூய்மையும் இகழப்பட்டன. எனினும் சாபத்தின் விளைவு நகைத்தவரோடு நிற்கவில்லை, இலிங்கமே பிளவுற்றது, சில வடிவங்களில் நாடும் வறண்டது. நகைத்தவரை விடுத்து இறைவன் தன் திருமேனியில் பிளவை ஏற்றதாகவும் இதனைப் பொருள்கொள்ளலாம். பிளந்த இலிங்கத்தை அகற்றிப் புதியதை நிறுவாமல், செப்புத் தகட்டால் பிணித்து வழிபடும் மரபு, உடைந்த உறவை மறைக்காமல் காப்பதற்கு அடையாளமாக நிற்கிறது.

கடுவெளிச் சித்தர் பெயரால் வழங்கும் ஆனந்தக் களிப்பு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மனத்தை விளித்துப் பாவம் செய்யாதிருக்க அறிவுறுத்தும் அப்பாடல், சாபம் கொடுத்தல் தகுமா, கோபம் கொள்ளுதல் தகுமா என வினவுகிறது. வைதவரையும் திருப்பி வையலாகாது என்கிறது. குயவனிடம் பல மாதம் இரந்து பெற்ற தோண்டியைக் கூத்தாடி உடைத்த ஆண்டியின் உவமையும் அப்பாடலில் வருவதே. கதையின் சித்தர் சபிக்கிறார்; பாடலின் சித்தர் சாபத்தை விலக்குகிறார். இருவரும் ஒருவரே என்பதற்கு வரலாற்றுச் சான்று வேண்டற்பாலது. ஆயினும் மரபு இருவரையும் ஒருவராகவே கொள்கிறது. அவ்வாறு கொள்ளும்போது, கதையின் பிளவில் கற்ற பாடத்தையே பாடல் உரைக்கிறது எனும் வாசிப்பு இயல்பாகிறது. அரிதிற் பெற்றதை ஒரு கணத்தில் உடைத்த ஆண்டியும் அவ்வாசிப்பில் புதுப்பொருள் பெறுகிறார்.

பாடல் கூறும் இந்நெறி மலைப்பொழிவின் நெறியோடு ஒத்துச் செல்கிறது. பகைவரை நேசிக்குமாறும் துன்புறுத்துவோருக்காக வேண்டுமாறும் மத்தேயு 5ஆம் அதிகாரம் கூறுகிறது. பழிக்கப்பட்டபோது பதிலுக்குப் பழிக்காதவராகக் கிறித்துவை முதல் பேதுரு திருமுகம் காட்டுகிறது. லூக்காவின் காட்சியில் இது நிகழ்ச்சியாகவே விரிகிறது. எள்ளிய சீமோனை இயேசு சபிக்கவில்லை; வாளாவிருக்கவும் இல்லை. ஐந்நூறு தெனாரியமும் ஐம்பது தெனாரியமும் கடன்பட்ட இருவரின் கதையைச் சொல்லி, கடன் மன்னிக்கப்பட்டோருள் மிகுதியாக அன்பு செலுத்துபவர் யார் என வினவுகிறார். விடையைச் சீமோனே கூறுகிறார். பாதத்திற்கு நீர் தராத விருந்தோம்பலின் குறையும் மறைக்கப்படவில்லை. ஆகவே இப்பணிவு உண்மையைச் சொல்ல அஞ்சும் மென்மையன்று. எள்ளியவரையும் காணக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு அழைக்கும் பொறுமை அது.

யோவானின் காட்சியில் இது எல்லையைத் தொடுகிறது. காட்டிக்கொடுக்கத் துணிந்த யூதாசு பாதம் கழுவப்பட்டபின்னரே வெளியேறுகிறான். அவன் பாதங்களும் கழுவப்பட்டன என்பதே காட்சியின் போக்கால் பெறப்படுவது. அன்பர்க்குப் பணிதல், எள்ளுவோரிடம் பொறுத்தல் என்பவற்றைக் கடந்து, பகைவனின் பாதத்தையும் கையிலேந்தும் நிலை இது. இதன்பின்னரே ஒருவர் ஒருவரது பாதத்தைக் கழுவவேண்டும் என்னும் பணிப்பு வருகிறது. இக்கட்டளையின் வடிவம் ஒருவர்க்கொருவர் என்பதாதலின், சுந்தரரும் கலிக்காமரும் ஒருவரை ஒருவர் வணங்கிய முடிவோடு அது ஒப்புமை உடையதாகிறது.

7. பணிவு யாரிடம் கோரப்படுகிறது?

இவ்வாய்வின் முடிவுகள் சமூகத்தில் சந்திக்கும் இடம் இவ்வினா. பணிவை அறமாகப் போற்றும் சமூகங்கள், அதனை நடைமுறையில் கீழ்நிலையோரிடமே மிகுதியாக எதிர்பார்த்துள்ளன. பெண், ஊழியர், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆகியோரின் பணிவு கடமையாகவும், உயர்ந்தோரின் பணிவு பெருந்தன்மையாகவும் எண்ணப்பட்டன. தமிழகக் கிறித்தவமும் இதற்கு விலக்கன்று. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர் தமக்குத் தனிப் பங்கு வேண்டியதை ஒட்டி மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே நற்கருணையில் பங்குபெறுவோர் நடுவே பாதையும் கல்லறையும் பிரிந்து கிடக்கும்போது, ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நிகழும் பாதம் கழுவும் சடங்கு தன் பொருளை இழக்கும் இடர் உண்டு.

இவ்விடரைப் புதிய ஏற்பாடே உணர்ந்திருந்தது. கொலோசையர் திருமுகம் 2ஆம் அதிகாரத்தில், பணிவைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல், போலியான தாழ்மையைக் கண்டிக்கவும் ஆளப்பட்டுள்ளது. மாற்கு 10ஆம் அதிகாரம், பெரியவராக விரும்புபவரே தொண்டராகுமாறு கூறுகிறது. ஏற்கெனவே தொண்டராயிருப்பவரை இன்னும் தாழுமாறு கூறவில்லை. 2013இல் பெரிய வியாழனன்று திருத்தந்தை பிரான்சிசு உரோமைச் சிறார் சிறையில் பெண்களும் இசுலாமியரும் உள்ளிட்ட பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். 2016 சனவரியில் வெளியான ஆணை, இச்சடங்கில் பெண்களுக்கும் இடமளித்தது. பாதங்கள் யாருடையவை என்பது சடங்கின் பொருளை நிறுவும் கூறு என்பதற்கு இம்மாற்றங்கள் சான்று.

தமிழ்க் காப்பிய மரபிலும் இத்தகைய இடமாற்றம் நிகழ்ந்துள்ளது. தன்னேரில்லாத் தலைவனை வேண்டும் அம்மரபில், தச்சுத் தொழிலால் வாழ்ந்த சூசையை வளன் என்னும் பெயரில் தலைவராக்கியது வீரமாமுனிவரின் தேம்பாவணி. கீழே வைக்கப்பட்டவரை மேலே காணக் கற்பிப்பதும், மேலே உள்ளவர் கீழிறங்குவதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள்.

முடிவுரை

இரும்பைத் தலக்கதையையும் நற்செய்திக் காட்சிகளையும் ஒப்பிட்டதால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

பணிவு உள்ளத்தில் தோன்றினும் உறவில்தான் நிறைவுறுகிறது. தாழ்பவர், ஏற்பவர், காண்பவர் ஆகிய மூவரும் அதில் பங்குடையர்.

கிறித்தவம் போற்றும் தாழ்மை, ஆற்றலுடையவர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வது. பிறரால் தாழ்த்தப்படுதலைப் பணிவு எனப் பெயரிட்டுப் போற்றுதல், சொல்லின் இலக்கணத்துக்கும் மறைநூலின் கருத்துக்கும் முரணானது.

பிறரது பணிவை ஏற்றலும் பணிவே. மரியாவிடம் ஏற்றபின் சீடர்க்கு அளித்த இயேசுவும், அப்பளத்தை ஏற்றபின் சிலம்பை அணிவித்த சித்தரும் இதனை உணர்த்துகின்றனர்.

தொல்காப்பியம் அகத்துக்குள் வைத்த பணிவு, இரும்பையில் ஊர் நடுவே வெளிப்பட்டபோது நகைப்புக்குள்ளாயிற்று. அந்நகைப்பை எதிர்கொள்ளும் முறையே பணிவின் இறுதித் தேர்வு. கதை அதனைச் சாபத்திலும் பின்னர் மன்னிப்பிலும் முடிக்கிறது. சித்தர் பெயரால் வழங்கும் பாடல் சாபத்தை மறுக்கிறது. லூக்காவின் காட்சி எள்ளியவரை வினாவால் திருத்துகிறது. யோவானின் காட்சி காட்டிக்கொடுப்பவனின் பாதத்தையும் கழுவுகிறது.

பாடல் பெற்ற தலங்களின் செவிவழிக் கதைகளில் உறவறம் பற்றிய செய்திகள் பலவாக உள்ளன. அவற்றைக் கிறித்தவ, இசுலாமியப் பனுவல்களோடு ஒப்பிடும் ஆய்வுகள் தமிழில் மேலும் விரிவடைதல் வேண்டும். செப்புத் தகட்டால் பிணைந்து நிற்கும் இரும்பை இலிங்கம், பிளவுக்குப் பின்னும் உறவு கூடும் என்பதற்குச் சமயம் கடந்த சான்றாக அவ்வாய்வுகளுக்குத் துணைநிற்கும்.